கணினியின் மேல் காய்ந்த புதினா

லெபனானில் பாதிப் பேருக்கு வருங்காலத்தை எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தவர் எங்கள் எதிர் வீட்டு வதீஹ் ஸம்மூர். ஜோதிடத்தில் அவருக்குத் துளியும் நம்பிக்கை கிடையாது. இரண்டுக்கும் நடுவே முரண்பாடு இருப்பதாக யாராவது சொன்னால் முகம் சுளிப்பார். "சவப்பெட்டி செய்யறவன் அதுக்குள்ள படுத்துப் பாத்தாதான் பெட்டி நல்லா வருமா?" என்பார்.

தொழிலுக்கு அவர் வந்ததும் நட்சத்திரங்களின் வழியாக அல்ல, கப்பல் வழியாக. யுத்த காலத்தில் பெய்ரூட் பத்திரிகை ஒன்றில் பிழை திருத்துபவராக இருந்தார். ராசி பலன் எழுதிவந்த அம்மையார் ஒருநாள் சைப்ரஸுக்குக் கப்பலேறிப் போய்விட்டார். தன் ராசிக்கு என்ன எழுதிவிட்டுப் போனார் என்று தேடிப் பார்த்தார்கள். "வீட்டில் அமைதி நிலவும்" என்று இருந்ததாம். ஒரு வாரம் சமாளியுங்கள் என்று ஆசிரியர் வதீஹிடம் சொன்னார். அன்று நகரத்தில் குண்டு விழுந்துகொண்டிருந்தது. வதீஹ் பன்னிரண்டு ராசிக்கும் ஒரே வரியை எழுதினார்: "இன்று வெளியே போகாதீர்கள்." ஒரு வாசகர்கூடப் புகார் சொல்லவில்லை. "நான் எழுதி நூத்துக்கு நூறு பலிச்சது அது ஒண்ணுதான்," என்று பிற்காலத்தில் சொல்லிக்கொள்வார்.

அந்த ஒரு வாரம் முப்பது வருடமாக நீண்டது. பத்திரிகை மூடப்பட்டது, ராசிகள் மூடப்படவில்லை. தொலைக்காட்சியில் புகழ்பெற்ற மதாம் ஸோலாஞ்ஜ் அவரைப் பிடித்துக்கொண்டார். ஒவ்வொரு வருடமும் மதாமின் பேரில் தடிமனாக ஒரு புத்தகம் வரும். அட்டையில் அவர் முகம், உள்ளே இவர் மூளை. அக்டோபர் கடைசியில் அச்சகத்துக்குப் போனால்தான் கிறிஸ்துமஸ் சமயத்தில் கடையில் இருக்கும். ஜனவரியில் வரும் ராசி புத்தகத்தை வாழைப்பழம் மடிக்கத்தான் வாங்குவார்கள்.

எல்லாம் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது, ஸஹ்லேயிலிருந்து ஒரு பெண்மணி நேரலையில் தொலைபேசி செய்யும்வரை.

"மதாம், நான் விருச்சிகம். கடல் தாண்டிப் போவேன்னு போன வருஷம் சொன்னீங்க. அதுக்கு முந்தின வருஷமும் சொன்னீங்க. வார்த்தைக்கு வார்த்தை அதேதான். ரெண்டு பொஸ்தகமும் மடியிலதான் இருக்கு, படிக்கட்டுமா? நான் இன்னும் ஸஹ்லேலயேதான் இருக்கேன்."

மதாம் எல்லாப் பற்களும் தெரியச் சிரித்தார். "உங்க லக்னம் என்னன்னு தெரியாம நான் எப்படிம்மா சொல்றது?" என்று சமாளித்து விளம்பரத்துக்குப் போனார். விளம்பர இடைவேளையில் வதீஹுக்குப் போன் வந்தது. அப்போது மதாமுக்குப் பற்கள் மட்டும்தான் இருந்தன, சிரிப்பு இல்லை.

அதிலிருந்து வதீஹ் ஒரு விதி வகுத்துக்கொண்டார். ஒரு ராசிக்குச் சொன்னதை ஏழு வருடத்துக்கு அதே ராசிக்குத் திரும்பச் சொல்லக்கூடாது. விதி நல்ல விதிதான். ஆனால் முப்பது வருடம் எழுதியதை எந்த மனிதனால் ஞாபகம் வைத்துக்கொள்ள முடியும்? இங்கேதான் எலியாஸ் வருகிறான்.

எலியாஸ், வதீஹின் மனைவி நஸீராவுக்குத் தம்பி. ஒரு கல்லூரியில் கணினிகளைப் பார்த்துக்கொள்கிறான். லினக்ஸ் இயங்குதளத்துக்கு மாறிய நாள் முதல், புதிதாக மதம் மாறியவர்களின் காய்ச்சல் அவனுக்கு. விண்டோஸ் இருக்கிற வீட்டில் காப்பி குடிக்கமாட்டேன் என்று அக்காவிடம் சொன்னான், இரண்டாவது கோப்பையைக் கீழே வைத்துவிட்டு. அன்றே அத்தானின் பழைய கணினியில் லினக்ஸை ஏற்றிக் கொடுத்தான். திரையின் மேலே ஒரு கட்டம். அதில் ஒரு சொல்லைத் தட்டினால் அந்தச் சொல் வரும் எல்லாக் கோப்புகளும் கண்ணிமைக்கும் நேரத்தில் வந்து நிற்கும். வதீஹ் குழந்தையைப் போல மகிழ்ந்தார். "கடல்" என்று அடித்தார். விருச்சிகத்துக்கு மட்டும் எத்தனை கடல் கொடுத்திருக்கிறார் என்று பார்த்து அவருக்கே வெட்கமாகிவிட்டது.

இப்படி ஒரு வருடம் நல்லபடியாகப் போனது. மறு வருடம் ஆகஸ்டில் கணினி அலறத் தொடங்கியது.

அலறல் என்று நான் மிகைப்படுத்தவில்லை. எங்கள் வீட்டுக் கதவைச் சாத்தினாலும் கேட்கும். பெட்டிக்குள் இருக்கும் மின்விசிறி காலையில் எழுந்ததும் வேகமெடுக்கும், வதீஹ் எழுதினாலும் எழுதாவிட்டாலும் அதே வேகம். பெட்டியின் முதுகிலிருந்து சூடான காற்று வரும். நஸீரா ஒரு வாரம் பொறுத்துப் பார்த்தாள். பிறகு இறைவன் கொடுத்ததை வீணாக்கக் கூடாது என்று பெட்டியின் மேல் ஒரு துணியை விரித்துப் புதினாவை உலர்த்த ஆரம்பித்தாள். வெயிலில் காய்வதைவிடப் பச்சை நிறம் மாறாமல் காய்ந்தது. என் மனைவிக்கும் ஒரு பாட்டில் வந்தது.

சத்தத்தோடு நின்றிருந்தால் யாரும் கவலைப்பட்டிருக்கமாட்டார்கள். பெய்ரூட்டில் எங்கள் கெய்தாவிப் பகுதியில் சத்தம் இல்லாத வீடு எது? பிரச்சினை கரண்டில் வந்தது. அரசாங்கக் கரண்டு எங்களுக்கு அபூர்வ விருந்தாளி. மற்ற நேரமெல்லாம் தெருமுனை அபூ மிலாத்தின் ஜெனரேட்டர்தான். வதீஹ் வீட்டுக்கு அவனிடம் வாங்கியிருந்த ஆம்பியர், ஒரு ஃபிரிட்ஜுக்கும் நாலு விளக்குக்கும் ஒழுங்காக நடந்துகொள்ளும் ஒரு கணினிக்கும் போதும். இந்தக் கணினியோ ஒழுங்காக நடந்துகொள்ளவில்லை. அது முழு மூச்சில் இரையும்போது ஃபிரிட்ஜ் ஒரு முக்கல் முக்கினால் போதும், கீழே அபூ மிலாத்தின் பெட்டியில் இவர்கள் வீட்டு சுவிட்ச் டப்பென்று விழும். யூபிஎஸ் என்று ஒன்று இருந்தது, வயதானது, கீச்கீச்சென்று இரண்டு தரம் கத்திவிட்டு அதுவும் கண்ணை மூடும். வதீஹ் பால்கனிக்கு ஓடுவார்.

"அபூ மிலாத்! சுவிட்ச்சு!"

"உஸ்தாஸ், மறுபடியுமா? மேல என்ன ஓட்டறீங்க, மாவு மில்லா?"

"ராசி பலன் எழுதறேன்யா!"

"எந்த ராசிக்கு இவ்வளவு கரண்டு இழுக்குது? சிம்மத்துக்கா?" அபூ மிலாத் சிம்மம். தெருவில் எல்லோருக்கும் தெரியும், அவனே சொல்லிவைத்திருந்தான்.

அவன் சுவிட்சைத் தூக்கிவிடுவான். கணினி எழும். மின்விசிறியும் கூடவே எழும்.

இதெல்லாம்கூட உடம்புத் தொல்லை. மனசைத் தின்றது வேறு. வதீஹ் காலையில் எழுதுவார், மாலையில் எழுதியதைச் சரிபார்ப்பார். அப்படி ஒரு மாலை, கன்னி ராசிக்குக் காலையில் எழுதியிருந்த ஒரு வரியைத் தேடும் கட்டத்தில் போட்டார். "பழைய கதவு ஒன்று உங்களுடைய புதிய சாவிக்காகக் காத்திருக்கிறது." தனக்கே பிடித்துப்போன வரி. முன்பு எழுதியிருக்கவே மாட்டோம் என்ற நிச்சயத்தோடு போட்டார். திரையில் கன்னி, கன்னி, கன்னி என்று வரிசையாக வந்து கீழே இறங்கிக்கொண்டே போனது.

அவர் கண்ணாடியைக் கழற்றினார்.

"நஸீரா, நான் தீந்துபோயிட்டேன்."

"என்ன தீந்துபோச்சு? காப்பித்தூளா?"

"நான்! நான் தீந்துபோயிட்டேன். இந்த ஒரே வரியக் கன்னிக்கு எத்தன தடவ எழுதியிருக்கேன் தெரியுமா? எனக்கு ஞாபகம்கூட இல்ல. செக்குமாடு மாதிரி சுத்தியிருக்கேன்."

"கன்னிக்காரங்க யாரும் கேக்கலையே."

"ஸஹ்லேல ஒருத்தி போதும்!"

அந்த வரியை அழித்துவிட்டு வேறு எழுதினார். மறுநாள் தேடினால் அதுவும் வரிசையாக வந்தது. துலாம், தனுசு எல்லாம் அதே கதி. காலையில் எழுதுவதும் மாலையில் அழிப்பதுமாக செப்டம்பர் போயிற்று. என்னிடம்கூட ஒருநாள் கேட்டார், எங்கேயோ பார்த்துக்கொண்டு: "மனுஷனுக்கு மொத்தமா எவ்வளவு யோசனை இருக்கும்னு யாராவது கணக்குப் போட்டிருக்காங்களா?" தன் எழுத்தை அவர் நம்பாமல் போனது அந்த மாதம்தான். நட்சத்திரத்தை நம்பாதவருக்கு நம்புவதற்கு என்று இருந்தது அது ஒன்றுதான்.

நஸீரா தம்பிக்குப் போன் போட்டாள். எலியாஸ் வந்தான். காதைப் பொத்திக்கொண்டே உட்கார்ந்தான்.

"அத்தான், ஒண்ணு முதல்லயே சொல்லிடறேன். லினக்ஸ்ல தப்பு இருக்காது."

"அப்ப அந்தச் சத்தம் என்ன?"

"அது உழைக்குது."

"நான் சும்மா உக்காந்திருக்கேன். யாருக்காக உழைக்குது?"

எலியாஸ் ஒரு சாளரத்தைத் திறந்தான். கணினிக்குள் என்னென்ன நிரல்கள் ஓடுகின்றன, எது எவ்வளவு மூளையைச் சாப்பிடுகிறது என்று அதில் தெரிந்தது. ஒரே ஒரு நிரல் கிட்டத்தட்ட முழுவதையும் விழுங்கிக்கொண்டு மேலே உட்கார்ந்திருந்தது.

"இவன்தான். பின்னாடி உக்காந்துக்கிட்டு உங்க கோப்பு ஒவ்வொண்ணையும் தெறந்து படிப்பான். எந்த வார்த்த எங்க இருக்குன்னு குறிச்சு வச்சுப்பான். நீங்க கேட்ட உடனே எடுத்துக் குடுக்கறான்ல, அதுக்குத்தான்."

வதீஹ் யோசித்தார். "நம்ம வீட்ல ஒருத்தன் ஒளிஞ்சிருந்து, நம்ம காயிதம் எல்லாத்தையும் படிச்சு குறிப்பெடுக்கறான். எங்க காலத்துல இதுக்கு முகாபராத்துன்னு பேரு. ரகசிய போலீஸ்."

"அவங்க இவ்வளவு சத்தம் போட்டதில்ல," என்றாள் நஸீரா.

"ஒரு தடவ படிச்சு முடிச்சுட்டா அடங்கிடணும்," என்றான் எலியாஸ். "இங்க கரண்டு பாதியில போயிடுதா, தான் எழுதின குறிப்பு மேலயே அவனுக்கு சந்தேகம் வந்துடுது. கிழிச்சுப் போட்டுட்டு முதல்லேந்து ஆரம்பிக்கறான்."

"அவன் ஓடறதாலதான்டா கரண்டே போகுது!"

"கரண்டு போறதாலதான் அவன் ஓடறான்."

இரண்டும் உண்மைதான். பிறகு எலியாஸ் அந்த நிரலைக் கொன்றான். மின்விசிறி தணிந்தது. நஸீரா கைதட்டினாள். கை கீழே இறங்குவதற்குள் நிரல் திரும்ப எழுந்து வந்து பழைய இடத்திலேயே உட்கார்ந்தது. மறுபடி கொன்றான். மறுபடி வந்தது.

"ராஜினாமா பண்ணிட்டு மறுநாளே வர மந்திரி மாதிரில இருக்கு," என்றார் வதீஹ். "மச்சான், வேரோட புடுங்கு. குறிப்பு, கிறிப்பு, எல்லாத்தையும் அழிச்சுடு. இனிமே என் வீட்ல எவனும் எதையும் படிக்கக் கூடாது."

"தேடறது வேல செய்யாது அத்தான்."

"தேடித் தேடித்தான்டா நான் இந்தக் கதிக்கு வந்தேன்."

அவன் அந்த நிரல் எழவே முடியாதபடி அணைத்து, குறிப்புகளையும் துடைத்தான். வீடு அமைதியானது. சுவிட்ச் விழவில்லை. புதினா மட்டும் கறுத்துப்போனது.

வதீஹ் மகிழ்ச்சியாக எழுதினார். திரும்பச் சொல்கிறோமா என்று தெரிந்துகொள்ள வழியில்லாதவனுக்கு எழுத்து எவ்வளவு சுலபமாக வரும் என்று அப்போதுதான் கண்டுபிடித்தார். விருச்சிகத்தை ஒரே காலையில் முடித்து மதாமுக்கு அனுப்பினார். மதாம் அதை வரப்போகும் புத்தகத்தின் முன்சுவை என்று காலை நிகழ்ச்சியில் படித்தார்.

ஸஹ்லே உடனே தொலைபேசியில் வந்தது.

"மதாம், நான்தான். 'வாசலில் ஒரு புதிய முகம்'னு படிச்சீங்களே. மூணு வருஷத்துக்கு முந்தின பொஸ்தகத்துல விருச்சிகம், மே மாசம். பக்கம் சொல்லட்டுமா? அந்த மே மாசம் வாசலுக்கு யாரும் வரல. நான் கதவத் தெறந்தே வச்சிருந்தேன்."

அன்று மதியம் மதாம் வதீஹைக் கூப்பிட்டார். குரல் மிக இனிமையாக இருந்தது. எல்லோரும் பயப்படும் குரல் அது.

"வதீஹ், கண்ணு, உனக்குக் களைப்பு வந்துடுச்சுன்னு நினைக்கறேன்."

"இல்ல மதாம்."

"என் அக்கா பையன் சொல்றான், இப்பல்லாம் கம்ப்யூட்டரே பன்னண்டு ராசியையும் எழுதிடுமாம். காப்பி ஆறறதுக்குள்ள."

"அதுக்கு லெபனான் தெரியாது மதாம்."

"லெபனான் தெரிஞ்ச நீ என்னப்பா கிழிச்ச? வெள்ளிக்கிழமைக்குள்ள முழுப் பொஸ்தகம் வரணும். ஒரு வரிகூட பழசு இருக்கக்கூடாது. வரலைன்னா அவன் கிட்ட குடுத்துடறேன். உனக்கு நான் ஒரு மாலை போட்டு நன்றி சொல்லிடறேன், டிவிலயே."

பேர் வெளியே தெரியாத மனிதருக்கு டிவியில் நன்றி! வதீஹ் போனை வைத்துவிட்டு நஸீராவைத் தேடிப் போனார். பிறகு, "உன் தம்பியக் கூப்புடு. அந்த முகாபராத்துக்காரனத் திரும்ப அழைச்சுக்கிட்டு வரச் சொல்லு," என்றார்.

எலியாஸ் இரண்டாம் முறை வந்தபோது கொஞ்சம் கர்வத்தோடு வந்தான். நிரலை எழுப்பினான். அலறல் தொடங்கியது. ஆனால் இந்த முறை அது ஓடுகிறதா என்று பார்க்காமல், அது எதைப் படிக்கிறது என்று பார்த்தான். முதல் தடவையே செய்திருக்க வேண்டிய காரியம். ஆனால் லினக்ஸில் தப்பு இருக்காது என்று நம்புகிறவன் எதைப் போய்ப் பார்ப்பான்? கோப்புகளின் பெயர்கள் திரையில் ஓடின.

"அத்தான், உங்ககிட்ட மகரம் எத்தன இருக்கு?"

"ஒரு வருஷத்துக்கு ஒண்ணு."

"இங்க மகரம் முடியவே மாட்டேங்குதே. இதோ மகரம், இதோ மகரம், இது பூரா மகரம். எல்லாம் இந்த வருஷத்து மகரம்! எல்லாம் 'பத்திரம்'னு ஒரு கோப்புறைக்குள்ள இருக்கு. என்னது இது?"

வதீஹ் சட்டைப் பொத்தானைத் தடவினார்.

"அது சும்மா."

"சும்மான்னா?"

"ஜூலைல ஒருநாள் கரண்டு போயி மகரம் முழுக்க அழிஞ்சு போச்சு. ஒரு காலை பூரா எழுதினது. அதான் நானே ஒரு ஏற்பாடு பண்ணிக்கிட்டேன். நெட்டுல பாத்தேன். ஒரே ஒரு வரிதான். ரெண்டு நிமிஷத்துக்கு ஒரு தடவ, நான் எழுதிக்கிட்டு இருக்கறது எல்லாத்தையும் தானா நகல் எடுத்து, பேருக்குப் பின்னால நேரத்தையும் சேத்து பத்திரப்படுத்திடும்." சொல்லச் சொல்ல அவர் குரலில் பெருமை ஏறியது. "நானே கத்துக்கிட்டேன்டா. யாரும் சொல்லிக் குடுக்கல."

"ரெண்டு நிமிஷத்துக்கு ஒரு தடவையா!"

"கரண்டு என்னைக் கேட்டுட்டா போகுது?"

இங்கே எல்லோருமே ஒரு வாக்கியம் எழுதி மூன்று தடவை சேமிக்கிறவர்கள்தான். எங்கள் வீட்டில் என் மகள் பரீட்சைக் கட்டுரையைத் தனக்குத்தானே மின்னஞ்சலில் அனுப்பிக்கொண்டே இருப்பாள். அடக்கமாகச் செய்தால் பழக்கம், வதீஹ் அதற்கு இயந்திரம் வைத்துவிட்டார், அவ்வளவுதான். அந்த இயந்திரம் நகல் எடுத்துக்கொண்டே இருந்தது. படிக்கிறவன் ஒவ்வொரு நகலையும் புதுப் புத்தகம் என்று நினைத்து முதல் வரியிலிருந்து படித்துக்கொண்டே இருந்தான். கரண்டு போனால் கிழித்துவிட்டு மறுபடி.

எலியாஸ் தலையில் கைவைத்துக்கொண்டிருந்தான். அப்போது நஸீராதான் கேட்டாள்:

"அப்ப அந்தக் கன்னி? பழைய கதவு, புதுச் சாவி?"

வதீஹ் எழுந்து நின்றார்.

"அதெல்லாம் நகலா?"

"காலைல எழுதினா மதியத்துக்குள்ள நூறு நகல் வந்திருக்கும் அத்தான்."

"அப்ப நான் அத ஒரே தடவதான் எழுதினேனா?"

"அது இவன் முழுக்கப் படிச்சு முடிச்சாத்தான் தெரியும்."

பரிகாரம் மிகச் சிறியதாக இருந்தது. முதலில் எல்லா நகல்களையும் ஒரு பென்டிரைவில் ஏற்றினார்கள். எலியாஸ் அவற்றை மொத்தமாக அழித்துவிடலாம் என்றான். வதீஹ் பிள்ளைகளை அழிக்கச் சொன்னதுபோல் பார்த்ததால் இந்த ஏற்பாடு. பென்டிரைவை நஸீரா சுவரில் இருந்த புனிதர் மார் ஷர்பெல் படத்துக்குப் பின்னால் செருகினாள். அடுத்து, நகல் எடுப்பதை அரை மணிக்கு ஒன்றாக்கி, எழுத்து மாறியிருந்தால் மட்டும் என்று மாற்றினார்கள். கடைசியாக, 'பத்திரம்' கோப்புறைக்குள் எலியாஸ் ஒரு வெற்றுக் கோப்பை வைத்தான். உள்ளே ஒரு எழுத்தும் இல்லை. பெயர் மட்டும் உண்டு.

"இந்தப் பேர்ல ஒரு கோப்பு இருந்தா அவன் உள்ள நுழைய மாட்டான்."

"வெத்துத் தாள் ஒண்ணு வாசல்ல வச்சா ரகசிய போலீஸ் திரும்பிப் போயிடுமா?"

"போயிடும்."

"இத மட்டும் முன்னாடியே யாராவது இந்த நாட்டுக்குச் சொல்லியிருந்தா!" என்றார் வதீஹ்.

மிச்சம் ஒன்றே ஒன்று. முப்பது வருட ராசிகளையும் அவன் ஒருமுறை, இடையில் சாகாமல், படித்து முடிக்க வேண்டும். கிழட்டுக் கணினி, ஒரு மதியம் முழுக்க ஆகும் என்றான் எலியாஸ். அன்று வியாழன். அபூ மிலாத் மதியத்தில் ஜெனரேட்டரை நிறுத்தி அதையும் தன்னையும் ஓய்வெடுக்க விடுவான். தெருவில் பிரசவம் என்றாலும் அதை மாற்றியதில்லை.

வதீஹ் பால்கனிக்குப் போனார்.

"அபூ மிலாத்! இன்னிக்கு ஒருநாள் மத்தியானம் நிறுத்தாதேயேன்!"

"அதுக்கும் மூச்சு வாங்க வேணாமா உஸ்தாஸ்? இரும்புன்னா உயிர் இல்லையா?"

"என் பொழப்பு போயிடும்யா."

"நீங்க எழுதினது எல்லாம் பலிச்சா எனக்கும் பொழப்பு நல்லா இருந்திருக்கும். போன வருஷம் சிம்மத்துக்கு என்ன எழுதினீங்க? 'முக்கியமான ஒருவர் உங்களைத் தேடி வருவார்.' வந்தான். நகரசபைலேந்து, மீட்டர் வைக்கச் சொல்லி!"

"இந்த வருஷம் நல்லா எழுதறேன்."

"எல்லா வருஷமும் இதத்தான் சொல்றீங்க. எழுதி இறக்குங்க. படிச்சுட்டு சொல்றேன்."

வதீஹ் உள்ளே வந்தார். தன் வாழ்நாளில் முதல் முறையாக, முகம் தெரிந்த ஒரு மனிதனுக்குப் பலன் எழுதினார். ஒரு பக்கம்தான். ஆனால் முழுப் புத்தகத்துக்கும் படாத பாடு பட்டார். பொய் சொல்லவும் முடியவில்லை, ஆள் கீழேயே நிற்கிறான். உண்மை சொல்லவும் முடியவில்லை, கரண்டு வேண்டும். ரொட்டி வாங்க இறக்கும் கூடையில் நஸீரா அந்தத் தாளை வைத்து, காற்றில் பறக்காமலிருக்க ஒரு எலுமிச்சம்பழத்தையும் வைத்து, கயிற்றில் கீழே இறக்கினாள்.

அபூ மிலாத் மோட்டார் கொட்டகை வாசலில் நின்று உரக்கப் படித்தான். "'உங்கள் வாசலில் ஒருவர் வந்து கெஞ்சுவார். மறுக்காதீர்கள். அன்று நீங்கள் கொடுப்பது வெளிச்சமாகத் திரும்பி வரும். தெரு முழுவதும் உங்கள் பெயரைச் சொல்லும்.'" மறுபடி ஒருமுறை மனதுக்குள் படித்தான். எலுமிச்சம்பழத்தை முகர்ந்து பார்த்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

"சரி. ஓடட்டும்."

அந்த மதியம் நானும் அங்கே இருந்தேன். ஃபிரிட்ஜைப் பிடுங்கிவிட்டார்கள். விளக்கெல்லாம் அணைந்திருந்தது. இஸ்திரிப் பெட்டியை நஸீரா கட்டிலுக்கு அடியில் ஒளித்தாள், யாரிடமிருந்து என்று தெரியவில்லை. நோயாளியின் கட்டிலைச் சுற்றி உட்காருவதுபோல் கணினியைச் சுற்றி நாங்கள் உட்கார்ந்திருந்தோம். அது அலறியது. மேலே கடைசிப் புதினாக் கட்டு காய்ந்துகொண்டிருந்தது. திரையில் முப்பது வருட இடபங்களும் மிதுனங்களும் ஓடின. கெட்டுப்போன உறவுகள் சரியாகும், தடைப்பட்ட பயணம் கைகூடும், வயிற்றைப் பார்த்துக்கொள்ளுங்கள். நாடு ஒன்றையும் கேட்கவில்லை என்று நன்றாகத் தெரிந்தது.

ஒருமுறை கீழே ஜெனரேட்டர் இருமியது. எல்லோரும் எழுந்துவிட்டோம். அபூ மிலாத் யாரையோ கெட்ட வார்த்தையில் திட்டுவதும் டீசல் ஊற்றுவதும் கேட்டது. இயந்திரம் திரும்பச் சீரானது. உட்கார்ந்தோம்.

வெயில் பால்கனியை விட்டு இறங்கியபோது சத்தம் நின்றது.

"செத்துடுச்சா?" என்றார் வதீஹ்.

"இல்ல அத்தான். படிச்சு முடிச்சுட்டான்."

திரை எரிந்துகொண்டிருந்தது. மின்விசிறி பூனை மூச்சு விடுவதுபோல விட்டது. வதீஹ் தேடும் கட்டத்தில் பழைய கதவையும் புதிய சாவியையும் அடித்தார்.

ஒன்றும் வரவில்லை.

"நான் அழிச்சுட்டேனே, அந்த வரிய," என்றார் மெதுவாக. "இப்ப எங்கயுமே இல்ல. முன்னாடியும் எழுதினதில்ல." தன் காதாலேயே கேட்கவேண்டும்போல இன்னொரு தடவை சொன்னார்: "முப்பது வருஷத்துல ஒரு தடவகூட எழுதினதில்ல!"

தீர்ந்துபோகாத மனிதர் ஒருவர் எப்படி இருப்பார் என்று அப்போது பார்த்தேன். ஆனால் அது நீடிக்கவில்லை. "நாளைக்கு வெள்ளிக்கிழமை," என்றார் உடனே. "நல்லது எல்லாத்தையும் செப்டம்பர்ல அழிச்சுத் தள்ளிட்டேன். ஒரு ராத்திரில எப்படி எழுதுவேன்?"

நஸீரா போய் மார் ஷர்பெல்லின் பின்னாலிருந்து பென்டிரைவை எடுத்து வந்து மேசையில் வைத்தாள்.

அழிக்கப்பட்ட கன்னி, துலாம், தனுசு, எல்லாம் அதில் இருந்தன. அவர் ஒவ்வொன்றையும் கைவிட்ட நாளின் தேதியோடு, நேரத்தோடு, நூறு நூறு பிரதிகளாக. புத்தகத்தை அவர் ஒரு தடவை அல்ல, இரண்டு தடவை எழுதி முடித்திருந்தார். அந்தப் பைத்தியக்கார நகல்களால் கெட்ட வேலை, அந்தப் பைத்தியக்கார நகல்களாலேயே மீண்டது. எலியாஸ் இதை ஒப்புக்கொள்ளச் சங்கடப்பட்டான். "கொள்கைப்படி இது தப்பு அத்தான்," என்றான்.

"இந்த ஊர்ல கொள்கைப்படி எது நடந்துது?" என்று வதீஹ் பொறுக்கத் தொடங்கினார்.

வெள்ளிக்கிழமை மதாமுக்குப் புத்தகம் போய்ச் சேர்ந்தது. ஒரு வரியும் பழசில்லை; இந்த முறை ரகசிய போலீஸே சாட்சி. மாலை போடும் பேச்சு அத்தோடு நின்றது. வருடக் கடைசி இரவு நேரலையில் ஸஹ்லே பெண்மணி வந்தார். மதாம் மேசையைப் பிடித்துக்கொண்டார்.

"மதாம், இந்த வருஷம் எல்லாம் புதுசா இருக்கு," என்றார் அந்தப் பெண்மணி. பக்கம் புரட்டும் சத்தம் கேட்டது. "உங்களுக்கு உடம்பு ஒண்ணும் இல்லையே?"

புத்தாண்டு அன்று நான் வதீஹ் வீட்டில் காப்பி குடித்துக்கொண்டிருந்தேன். கணினி மௌனமாக இருந்தது. அதன் மேல் ஈரப் புதினா வாடிக் கிடந்தது; நஸீரா நம்பிக்கையை இழக்கவில்லை. வாசலில் அபூ மிலாத் வந்து நின்றான். அதுவரை நாலு மாடி ஏறி வந்ததில்லை. கையில் புத்தகம். சிம்மப் பக்கத்தில் விரல்.

"உஸ்தாஸ், இது நீங்க கூடையில இறக்கினது தானே? 'வாசலில் ஒருவர் வந்து கெஞ்சுவார்.'"

"ஆமா."

"இது எனக்கு அக்டோபர்லயே நடந்துடுச்சு. வந்தீங்க, கெஞ்சினீங்க, குடுத்தேன். தெருவும் என் பேரச் சொல்லிச்சு." அவன் புத்தகத்தை மேசையில் வைத்தான். "அப்ப இந்த வருஷம் பூரா எனக்கு என்ன இருக்கு? என் வருஷத்த நீங்க முன்னாடியே தீத்துட்டீங்களே!"

வதீஹ் கோப்பையை வைத்தார். முப்பது வருடத்தில் பலித்த இரண்டாவது பலன் எதிரில் நின்று நியாயம் கேட்டது.

"உக்காரு," என்றார், கணினியைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டு. "சிம்மத்துக்கு இதுவரைக்கும் சொல்லாதது என்ன இருக்குன்னு பாப்போம்."

மின்விசிறி லேசாகக் கிளம்பியது. நஸீரா ஓடிவந்து புதினாவைச் சரியாகப் பரப்பினாள்.